காரைக்குடியிலிருந்து புனேவுக்குப் பீங்கான் அனுப்ப வேண்டும், வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மா வீட்டைக் காலி செய்கிறோம். பாட்டி காலத்துப் பீங்கான் தட்டுகள் 14, பெரிய ஊறுகாய் ஜாடிகள் 2, எல்லாம் காரைக்குடியிலிருந்து புனேயில் இருக்கும் என் வீட்டுக்கு வர வேண்டும். போன வருஷம் பார்சல் லாரியில் ஒரு ஜாடியை அனுப்பினோம், சுற்றிலும் தெர்மாகோல் துண்டுகளை மட்டும் கொட்டியிருந்தோம், வந்து பிரித்தால் வாய் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்த முறை தட்டுகளைப் படுக்க வைக்காமல், ஒவ்வொன்றாகப் பபிள் ராப்பில் சுற்றி நிற்க வைத்து நெருக்கமாக அடுக்கப் போகிறேன், அப்படி வைத்தால்தான் குலுக்கலைத் தாங்கும். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் நாலு விரல் இடைவெளிக்குக் காகிதத்தைக் கசக்கித் திணிக்கலாம் என்று யோசனை. தங்கக் கோடு போட்ட தட்டுகளில் செய்தித்தாள் மை ஒட்டிவிடுமோ என்று பயம், உள்சுற்றுக்கு வெறும் வெள்ளைத்தாள் போதுமா?

பெரிய கவலை ஜாடிகள்தான். ஒவ்வொன்றும் ஏழெட்டு கிலோ. உள்ளே பழைய துணி அடைக்கலாமா? மரப்பெட்டி அடித்து வைக்கோல் போடச் சொல்கிறார் ஆசாரி. அப்படி யாராவது அனுப்பியிருக்கிறீர்களா? ரயில் பார்சலா, லாரியா, எது பத்திரம்? 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.