ஒரே மரபணு, உயிரினத்துக்கு ஒரு பெயர்: எப்படி இணைப்பது?
மனிதன், எலி, வரிக்குதிரை மீன் மூன்றின் மரபணு வெளிப்பாட்டுத் தரவையும் (எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற அளவுகள்) ஒரே அட்டவணையாக்க வேண்டும். இரண்டு வாரமாகப் பெயர்களிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எல்லாப் பெயர்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கிப் பார்த்தேன். மனிதனின் டிபி53 எலியில் டிஆர்பி53 என்றிருப்பதால் பொருந்தவில்லை. பழைய கோப்பில் செப்ட்2 மரபணுவை எக்செல் செப்டம்பர் 2 ஆக்கிவைத்திருந்தது. (மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவான எச்ஜிஎன்சியின் 2020 வழிகாட்டுதலில் அது செப்டின்2. பெயரை மாற்றியதே இந்தத் தொல்லையால்தான்!) அதைக் கையால் திருத்தினேன்.

அப்புறம் பெயர்களை விட்டுவிட்டு, என்செம்பல் என்ற மரபணுத் தரவுத்தளத்தின் அடையாள எண்களையும், எந்த உயிரினத்தின் எந்த மரபணு எதற்கு ஒத்தது என்ற அதன் பட்டியலையும் வைத்து இணைத்தேன். மனிதன், எலி பெரும்பாலும் சரி. மீனில்தான் சிக்கல்: மனிதனில் ஒரே சாக்ஸ்9, அங்கே சாக்ஸ்9ஏ, சாக்ஸ்9பி என்று இரண்டு. இப்படி ஏராளம்.

இந்த இரட்டைகளின் வெளிப்பாட்டு அளவுகளைக் கூட்டி ஒரே வரிசையாக்குவதா, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதா?