டி டிரைவில் வைத்தால் பத்திரம் என்று நம்பிய கதை

காவேரிப்பட்டணத்துக்காரன்:

கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே கடைக்காரத் தம்பி சொன்னார், "சார், முக்கியமானதை எல்லாம் டி டிரைவில் போட்டுருங்க. சி போனாலும் டி போகாது." பத்து வருடம் அதை வேதவாக்காக வைத்திருந்தேன். இரண்டு முறை விண்டோஸ் கெட்டு ஃபார்மட் அடித்தபோதும் டி-யில் இருந்தவை அப்படியே இருந்தன. அப்புறம் எப்படி நம்பாமல் இருப்பது?

போன மே மாதம், மாங்கூழ் ஆலைகளுக்கு லாரிகள் வரிசை கட்டும் நேரம். சாயங்காலம் கோடை மழை, பெரிய இடி, கரண்ட் போனது. மறுநாள் காலை பட்டனை அழுத்தினால் பெட்டிக்குள்ளிருந்து டக்... டக்... என்று சுவர்க்கடிகாரம் மாதிரி சத்தம். ஹார்டு டிஸ்க்கே இல்லை என்றது திரை. சி, டி, இ என்று மூன்று பெயர் வைத்திருந்தாலும் உள்ளே சுற்றியது ஒரே டிஸ்க்தான். ஒரு வயலை வரப்புப் போட்டு மூன்றாக்கினால், வெள்ளம் வரப்பைப் பார்த்தா வரும்?

பட்டா, சிட்டா ஸ்கேன் போனது கூடப் பரவாயில்லை, மறுபடி எடுத்துவிடலாம். பெரியவளின் காதுகுத்துப் படங்கள்தான் வலித்தது. கிருஷ்ணகிரியில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். பெங்களூரில்தான் பிரித்துப் பார்ப்பார்கள் என்றார்கள். அங்கே கேட்ட தொகைக்குப் புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் கிடந்த முப்பது நாற்பது படங்களைத் தேற்றினேன். பெரிதாக்கினால் தோடு எது, காது எது என்று தெரியவில்லை.

சரி என்று 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினேன். (931 ஜிபி என்று காட்டியதும் ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். கம்பெனி எண்ணும் கணக்கு வேறு, விண்டோஸ் எண்ணும் கணக்கு வேறு, அவ்வளவுதான்.) கையால் காப்பி போடுவது மூன்று வாரம் தாங்கியது. என் சோம்பல் எனக்குத் தெரியும், அதனால் விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரிக்கு மாறினேன். மாறிய கோப்பை மணிக்கொரு தடவை அதுவே எடுத்து வைக்கிறது, பழைய பிரதியும் இருக்கும். ஆனால் தானாகப் பார்ப்பது டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டர்களைத்தான். டி-யில் இருப்பதை நாம்தான் சேர்க்க வேண்டும். நான் சேர்க்காமலே இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்! டிஸ்க் முழுவதையும் இமேஜ், அதாவது அப்படியே ஒரே நகலாக, எடுத்தால் விண்டோஸோடு திரும்பி வரும். எனக்குப் படம் வந்தால் போதும்.

பாலக்கோட்டுக்காரன்:

அண்ணா, உங்களுக்கு இடி, எனக்கு மெயில். பில் என்று வந்ததைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாக் கோப்புப் பெயருக்கும் புதிதாக ஒரு வால், எதுவும் திறக்கவில்லை, கூடவே பணம் கேட்டு ஒரு குறிப்பு. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் வைரஸாம். வெளி டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைத்திருந்தேன், அதையும் விடவில்லை. இப்போது இரண்டு டிஸ்க். ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மாட்டி, காப்பி முடிந்ததும் பிடுங்கிவிடுவேன். இன்னொன்று பென்னாகரத்தில் மாமியார் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். மாசம் ஒரு தடவை போகும்போது மாற்றிக்கொள்வேன்.

ஓசூர்வாசி:

என் கதை சின்னது. 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் கல்யாண வீடியோ ஏறவில்லை. அது ஃபார்மட் ஆகியிருந்தது ஃபேட்32 என்ற முறையில். அதில் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாதாம். அந்தத் தடை இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினேன். அடுத்து வெளி டிஸ்க்கையும் அப்படியே மாற்றினேன். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும் என்பதை அப்புறம்தான் படித்தேன்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:

பாலக்கோட்டுத் தம்பி, என்னுடையதும் இராப்பகலாகச் சொருகியேதான் இருந்தது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய்ப் பிடுங்கினேன். இரண்டாவது டிஸ்க் வாங்கலாமா என்று வீட்டில் கேட்டேன். "வாங்குங்க. எங்க அம்மா பீரோவுல இடமில்லை, இப்பவே சொல்லிட்டேன்" என்கிறாள்.