இன்ஸ்பெக்‌ஷன் என்று வந்து வீட்டுக்குள் படம் எடுக்கலாமா?

வணக்கம். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம். "இந்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன்" என்று மேனேஜர் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். நாளும் இல்லை, நேரமும் இல்லை. நாங்கள் வேலைக்குப் போயிருந்தபோது, அவர்களிடம் உள்ள சாவியால் திறந்து வந்து, துணி அலமாரி, சாமி படங்கள் வரை போனில் படம் எடுத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்போது குளித்துக்கொண்டிருந்தார். பாவம், இப்போதெல்லாம் பகலில்கூட உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். அதுதான் மனசு ஆறவில்லை.

இங்குள்ள சிவில் கோட் 1954-ஆம் பிரிவைப் படித்தேன். தேதி, உத்தேச நேரம், காரணம் மூன்றையும் எழுதித் தர வேண்டும். 24 மணி நேரம் முன்பே தந்தால் போதுமானதாகக் கொள்ளப்படும். தீ, தண்ணீர்க் கசிவு மாதிரி அவசரம் என்றால் வேறு. படம் எடுப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இதைச் சந்தித்தவர்கள் இருக்கிறீர்களா? மேனேஜருக்கு மெயில் போதுமா, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டுமா? எடுத்த படங்களை அழிக்கச் சொல்ல முடியுமா? அப்புறம், குத்தகை புதுப்பிக்கும் நேரம் நெருங்குகிறது. கேள்வி கேட்டதற்காக வாடகையை ஏற்றினால் என்ன செய்வது? வாடகைதாரர்களுக்கு இலவசமாக ஆலோசனை தரும் வக்கீல் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.