படிக்காக ஜாயிஸ்ட்டை வெட்டினேன், இப்போது பெட்ரூம் கதவு மூட மாட்டேன் என்கிறது

எடிசன்வாசி:
வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 1950-களில் கட்டிய கேப் காட் வீடு (சரிவுக் கூரை போட்ட ஒன்றரை மாடி வகை), கீழே பேஸ்மென்ட். கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்குக்கு இழுத்து இறக்கும் ஏணி மட்டும்தான் இருந்தது. வருஷா வருஷம் கொலுப் பெட்டிகளைத் தலைக்கு மேலே தூக்கி ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். நிலையான படியே போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

ஜாயிஸ்ட் (சீலிங்கையும் அட்டிக் தரையையும் தாங்கும் உத்திரக் கட்டை) எல்லாம் 2×8 அளவு, 16 அங்குலத்துக்கு ஒன்று. வெளிச்சுவரிலிருந்து நடுச்சுவர் வரை 14 அடி. படி அதே திசையில் நடுச்சுவரை நோக்கி ஏறுகிறது. இரண்டு ஜாயிஸ்ட்டை வெட்டி 9 அடி நீளத்துக்குத் திறப்பு எடுத்தேன். வெட்டிய முனைகளைக் குறுக்கே ஒரு 2×8 வைத்துப் பிடித்தேன். மேலே திறப்பைச் சுற்றி மூன்றடிக் கைப்பிடிச் சுவரும் கட்டியாச்சு.

மூன்று வாரம் ஆகிறது. திறப்பின் ஓரத்தில் சீலிங் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. பக்கத்து பெட்ரூம் கதவு மேலே உரசுகிறது. படியின் இரண்டு பக்கமும் கீழிருந்து ஸ்டட் சுவர் (மரச்சட்டச் சுவர்) எழுப்பிவிட்டால் தாங்கிக்கொள்ளுமா?

ஸ்கார்பரோ தச்சன்:
தம்பி, முதல்ல மேல இருக்கிற பெட்டியளை இறக்குங்கோ. பிறகு மிச்சத்தைக் கதைப்பம்.

குறுக்குக் கட்டையை என்னத்தால அடிச்சனீங்கள்? ஹேங்கர், அதான் கட்டை முனையைத் தாங்கிற இரும்புத் தாங்கி, போட்டீங்களா? திறப்புக்கு ரெண்டு பக்கமும் முழு நீளத்துக்கு ஓடுற ஜாயிஸ்ட் ஒத்தையா, ரெட்டையா?

எடிசன்வாசி:
ஒற்றைதான் அண்ணா. ஹேங்கர் இல்லை. வீட்டில் இருந்த கறுப்பு ஸ்க்ரூ, ட்ரைவாலுக்கு (ஜிப்சம் போர்டுக்கு) போடுவது. நீங்கள் கேட்டபிறகு போய்ப் பார்த்தேன், ஒரு ஸ்க்ரூவின் தலை மட்டும் தனியாகப் படியில் கிடந்தது.

ஸ்கார்பரோ தச்சன்:
அதுதான் சொல்ல வந்தனான். அந்தக் கறுப்பு ஸ்க்ரூ போர்டைப் பிடிக்கத்தான். பாரம் குறுக்கால வெட்டினா வளையாது, டக்கெண்டு முறியும். இஞ்ச புதுசா வாற பெடியளும் இதைத்தான் செய்யிறவை.

இண்டைக்கே முட்டுக் குடுங்கோ. திறப்பின்ர ரெண்டு பக்கமும், வெட்டின துண்டுகளுக்குக் கீழயும். கீழ ஒரு பலகை, மேல ஒரு பலகை, நடுவில ஜாக் போஸ்ட், திருகி உயர்த்திற இரும்புத் தூண். பேஸ்மென்டிலயும் அதே இடத்துக்கு நேர கீழ ஒரு முட்டு வேணும், இல்லாட்டி கீழ்த்தளம் இறங்கும். ஒரேயடியா உயர்த்தாதேங்கோ. ஒரு நாளைக்கு 1/8 அங்குலம், அதுக்கு மேல வேண்டாம். போர்டு வெடிக்கும்.

என்ஜினியர்_ஓஹியோ:
தச்சன் அண்ணன் சொன்ன முட்டு வேலை சரி. ஆனால் குறுக்குக் கட்டையை மட்டும் திட்டிவிட்டுப் போய்விட வேண்டாம். நான்கு அடிக்குள் இருக்கும் ஹெடர், அதாவது அந்தக் குறுக்குக் கட்டை, ஒற்றையாக இருக்கலாம் என்றுதான் ஐஆர்சி (அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு) சொல்கிறது. உங்களுடையது 46½ அங்குலம். பிரச்சினை பக்கத்து ஜாயிஸ்ட்டுகளில், அதாவது ட்ரிம்மரில். ஹெடர் சுவரிலிருந்து மூன்றடிக்குள் இருந்தால்தான் ஒற்றை ட்ரிம்மர் செல்லும். உங்கள் ஹெடர் ஐந்தடி தள்ளி நிற்கிறது. அதே ட்ரிம்மரின் முதுகில் கைப்பிடிச் சுவரையும் ஏற்றியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. சாமான் வைக்காத அட்டிக்குக்குச் சதுர அடிக்கு 10 பவுண்டு பாரம் என்று கணக்கு. நிலையான படி வைத்த உடனேயே அது 30 ஆகிவிடும். படி இருந்தால் மனுஷன் ஏறுவான், பெட்டியும் ஏறும் என்பதுதான் காரணம். 14 அடிக்கு 2×8 அதற்கு இழுபறிதான்.

சுவர் விஷயம்: உங்கள் கீழ்த்தள ஜாயிஸ்ட்டும் அதே திசையில் ஓடினால், படியோரச் சுவர் இரண்டு ஜாயிஸ்ட்டுக்கு நடுவே முக்கால் அங்குலப் பலகைமேல்தான் நிற்கும். அது தாங்கும் சுவர் இல்லை, பாரத்தைக் கீழே தள்ளிவிடும் சுவர். பேஸ்மென்டில் டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

படி எத்தனை, உயரம் எவ்வளவு?

எடிசன்வாசி:
அளந்தேன். நடுவில்தான் விழுகிறது, எந்த ஜாயிஸ்ட்மேலும் இல்லை.

படி 14, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7½ அங்குலம், மிதி 10 அங்குலம். சீலிங் 8 அடி.

என்ஜினியர்_ஓஹியோ:
அப்படியானால் ஒரு கெட்ட செய்தி சார். ஹெடருக்கு நேர் கீழே மிதி விளிம்புக் கோடு (படிகளின் முன்விளிம்புகளைச் சேர்க்கும் சாய்கோடு) 24 அங்குல உயரத்தில் இருக்கிறது. சீலிங் வரை மிச்சம் 72, சரியாக ஆறடி. தலைக்கு மேல் 80 அங்குலம் வேண்டும். திறப்பு ஏறக்குறைய 10 அடி ஆக வேண்டும். எப்படியும் ஹெடரைப் பெயர்த்து ஓரடி தள்ள வேண்டியதுதான், இருக்கும் இடத்திலேயே பலப்படுத்திக் காசை வீணாக்காதீர்கள்.

எடிசன்வாசி:
ஐந்தடி எட்டு எனக்கு இடிக்கவே இல்லையே என்றிருந்தேன். மச்சான் ஆறடி ஒன்று, போன வாரம் ஏறும்போது நெற்றியைத் தடவிக்கொண்டே போனார். ஏதோ தலைவலி என்று நினைத்தேன்.

ஸ்கார்பரோ தச்சன்:
சரி, தள்ளேக்க ஒழுங்காச் செய்யுங்கோ. ட்ரிம்மருக்கு உள்பக்கமா, சுவரில இருந்து சுவருக்கு முழு நீள 2×8 ஒண்டு ஒட்டி அடியுங்கோ. ரெண்டு பக்கமும் போட்டாலும் 43½ அங்குலம் மிஞ்சும், படிக்குக் காணும். நடுவில ஒட்டுப்போட்ட பலகை வேண்டாம். ஹெடரையும் ரெட்டையாப் போடுங்கோ, விதி கேக்காட்டியும். எல்லா முனைக்கும் ஹேங்கர், எல்லாத் துளைக்கும் ஹேங்கர் ஆணி.

ஓரத்தில தவழ்ந்து போய், வெட்டின ரெண்டு ஜாயிஸ்ட்டும் கூரைச் சட்டத்தோட சேருற இடத்தையும் பாருங்கோ. கூரை சுவரை வெளியால தள்ளாமல் இழுத்துப் பிடிக்கிறதும் அதே ஜாயிஸ்ட்தான். இடைவெளி தெரிஞ்சால் படம் போடுங்கோ.

என்ஜினியர்_ஓஹியோ:
2×8 இரட்டை போதுமா, எல்விஎல் (மெல்லிய மர ஏடுகளை ஒட்டிச் செய்த உத்திரம்) வேண்டுமா என்பதை நேரில் பார்க்கும் என்ஜினியர்தான் சொல்ல வேண்டும். பர்மிட் எடுத்தீர்களா?

எடிசன்வாசி:
இல்லை. நேற்று டவுன்ஷிப் ஆபீஸில் மனு வாங்கி வந்தேன். கூரைச் சட்டத்தில் இடைவெளி இல்லை, ஆணி அசையவில்லை. முட்டு நான்கு கொடுத்தாச்சு, மேலே இரண்டு, பேஸ்மென்டில் இரண்டு. மூன்றாவது நாள் இன்று, கதவு உரசுகிறது, ஆனால் தோளால் தள்ளினால் மூடுகிறது. படியோரச் சுவரைத் தடுப்பாக மட்டும் எழுப்புகிறேன். அதன் மேல்கட்டையை ட்ரிம்மரோடு இறுக்கி அடிக்கலாமா?

ஸ்கார்பரோ தச்சன்:
ட்ரிம்மர் வேலை முடிஞ்சு முட்டை எடுத்த பிறகு சுவரைக் கட்டுங்கோ. அதுக்கு முதல் கட்டினால் பாரம் அதில வந்து குந்தும்.