கார் இல்லாமல், நாலு வயசு வாலோடு ஒரு நகரப் பயணம்: எப்படித் திட்டமிடலாம்?

மழைக்குருவி

அடுத்த விடுமுறையில் ஒரு நீண்ட வார இறுதிக்கு வெளிநாட்டு நகரம் எதற்காவது போய்வரலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், நாலு வயது மகள். எங்கள் இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது, தெரிந்திருந்தாலும் புது ஊரில் பார்க்கிங் தேடிச் சுற்ற எனக்குப் பொறுமை கிடையாது. டாக்ஸியும் முடிந்தவரை வேண்டாம், பின்சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே மகளுக்கு வாந்தி வந்துவிடும். ஆனால் யாரிடம் சொன்னாலும் "குழந்தையை வச்சுக்கிட்டு பஸ்லயும் ரயில்லயுமா, பாவம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

எந்த மாதிரி ஊரைத் தேர்ந்தெடுத்தால் நல்லது? தங்குமிடம் ஊர் நடுவிலேயே இருக்க வேண்டுமா? ஸ்ட்ரோலர் (குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி) எடுத்துப் போகலாமா? அவள் நன்றாகத்தான் நடப்பாள், ஆனால் தோன்றினால் நட்ட நடு வழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கணவர் ஏற்கெனவே ஓர் எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறார், காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து இரவு ஒன்பது வரை. அதைப் படித்தாலே எனக்குக் கால் வலிக்கிறது. இப்படிப் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

ரயில்பைத்தியம்

பாவமாவது ஒன்றாவது. நாலு வயதுக்கு ரயில்தான் சுற்றுலாவே, போய்ச் சேரும் இடம் எல்லாம் நமக்காகத்தான். அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால் அங்கே ஏறிப்போக என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் மெட்ரோவுக்கு ஓட்டுநர் கிடையாது, 2002இல் ஆரம்பித்ததிலிருந்தே அப்படித்தான். முன்பக்கம் பெரிய கண்ணாடி, அதையொட்டிச் சீட். அங்கே உட்கார்ந்து சுரங்கத்துக்குள் நுழையும்போது குழந்தைகள் தாங்களே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு கையை நீட்டி லீவர் தள்ளுவதைப் பார்க்க வேண்டும், அதற்காகவே இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் முன்சீட் பிடிக்கலாம். விமான நிலையத்திலிருந்தே ஏறிக்கொண்டால் கால் மணி நேரத்தில் ஊர் நடுவில் இருப்பீர்கள், எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. லண்டனில் டி.எல்.ஆர். (டாக்லாண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயிலும் இதே மாதிரிதான், தானாக ஓடும், முன்சீட் கிடைத்தால் யோகம். ஹாங்காங்கில் 1904இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் டிராம், இப்போது முழுக்க மாடி டிராம்கள்தான். மாடியில் முன்வரிசையில் இடம் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் பாதி நாள் போய்விடும், அப்புறம் ஸ்டார் ஃபெர்ரி என்ற படகில் துறைமுகத்தைக் கடந்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹங்கேரியின் புடாபெஸ்ட். அங்கே மலைக்காட்டுக்குள் குழந்தைகள் ரயில் என்று ஒன்று, சுமார் 11 கிலோமீட்டர், 1948இல் தொடங்கியது. எஞ்சின் ஓட்டுவது மட்டும்தான் பெரியவர்கள், டிக்கெட் கொடுப்பது, சிக்னல் பார்ப்பது, ரயிலை அனுப்பிவைப்பது எல்லாம் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள். சீருடை போட்டுக்கொண்டு, தொப்பிக்கு நேராகக் கை வைத்து சல்யூட் அடித்து, சிரிக்காமல் வேலை பார்ப்பார்கள். உங்கள் மகள் அதைப் பார்த்துவிட்டு வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்னைத் திட்டாதீர்கள்.

கட்டணமும் பார்த்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் ஆறு வயதுக்குள் இலவசம், லண்டன் டியூபில் (அந்த ஊர் சுரங்க ரயில்) பதினோரு வயதுக்குள் பெரியவரோடு போனால் இலவசம், சிங்கப்பூரில் பெரியவரோடு போகும் குழந்தை 0.9 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் இலவசம். பஸ், ரயில், பார்க்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் "சிட்டி பாஸ்" என்று குடும்பத்துக்கே சேர்த்து விற்பார்கள், குழந்தைக்கு எப்படியும் இலவசமாக இருப்பதையே அதிலும் போட்டிருப்பார்கள், கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரட்டைவால்

மேலே சொன்னவர் ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நான் தங்குமிடம் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பயணம் உருப்படுவதும் கெடுவதும் அங்கேதான்.

ஊர் நடுவில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஸ்டேஷனிலிருந்து அறை வாசல் வரை எவ்வளவு நடை என்பதுதான் விஷயம். நடுவில் இருந்தும் ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் ஏற்றத்தில் நடப்பதைவிட, நாலு ஸ்டேஷன் தள்ளி, வாசலில் இறங்கி ஐந்து நிமிடத்தில் கட்டிலில் விழுவது எவ்வளவோ மேல். மேப்பில் காட்டும் நடை நேரம் பெரியவர்களுடையது, குழந்தைக்கு அதை இரண்டால் பெருக்குங்கள், வழியில் புறா இருந்தால் மூன்றால். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதியே கேட்டுவிடுங்கள். டிராம் வளைந்து திரும்பும் மூலையில் அறை எடுக்காதீர்கள், விடிகாலையில் சக்கரம் கிறீச்சிடும் சத்தத்தில் குழந்தை எழுந்தால் அன்றைக்கு முழுக்கத் தூக்கம் கெட்ட முகம்தான். அறைக்குப் பக்கத்தில் விளையாட்டுத் திடல் ஒன்று இருப்பது எந்த அருங்காட்சியகத்தைவிடவும் பயன்படும், சாட்டிலைட் மேப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் சறுக்குமரமே தெரியும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும். விமானம் காலையில் இறங்கும், அறை மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். காரில் போனால் டிக்கியில் போட்டுவிட்டுச் சுற்றலாம், நமக்கு அது இல்லை. பெட்டியை முன்கூட்டியே வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், இல்லை என்றால் பெரிய ரயில் நிலையங்களில் லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குழந்தை என்றால் டிக்கெட் எடுக்க மூன்றாவது கை வேண்டும். முதுகுப் பைதான் சரி.

கணவரின் ஷீட்டுக்கு வருவோம். மூன்று நாலு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை சுற்றினால் அதற்கு எங்கே போவது? காலையில் ஒரே ஓர் இடம், மதியம் அறைக்குத் திரும்பிப் படுக்கை, சாயங்காலம் கால் போன போக்கில். காலை மாலை ஆபீஸ் நெரிசலைத் தவிர்த்து ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள், அந்த நெரிசலில் குழந்தையின் முகம் இருக்கும் உயரத்தில் மற்றவர்களின் பைதான் இருக்கும்.

ஸ்ட்ரோலர்: கட்டாயம் எடுத்துப் போங்கள். ஒரே கையால் மடக்கக்கூடிய, தோளில் மாட்டக்கூடிய ரகம். நடக்கிற குழந்தைக்கு எதற்கு என்பார்கள், அவர்களா தூக்கப் போகிறார்கள்? கூகுள் மேப்பில் பஸ், ரயில் வழி தேடும்போது சக்கர நாற்காலிக்கு ஏற்ற வழி என்ற தேர்வு இருக்கும், அதைப் போட்டால் படிக்கட்டு இல்லாத வழியாகக் காட்டும், ஸ்ட்ரோலருக்கும் அதுவேதான்.

நடராஜா சர்வீஸ்

ஸ்ட்ரோலர் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊரைப் பொறுத்தது. வெனிஸில் காரே கிடையாது, கார் இல்லாப் பயணத்துக்கு அதைவிட வேறு ஊர் ஏது என்று தோன்றும், ஆனால் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. ஸ்ட்ரோலரைத் தூக்கித் தூக்கி இறக்கியே நாள் போய்விடும். பாரிஸ் மெட்ரோவும் அப்படித்தான், 14ஆம் எண் லைனைத் தவிர மற்றவற்றில் படிகளுக்குப் பஞ்சமில்லை. லண்டன் டியூபில்கூடப் படியில்லாமல் போகக்கூடிய ஸ்டேஷன்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அங்கெல்லாம் பஸ்தான் சுகம், தாழ்தளப் பஸ், ஏறுவதும் எளிது, ஜன்னல் வழியாக ஊரும் தெரியும். நாலு வயதுக்கு முதுகில் மாட்டும் கேரியர் சரிப்படும், எடை தாங்கும் அளவை மட்டும் பார்த்து வாங்குங்கள். எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரோடு ஏறுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அது மட்டும் வேண்டாம்.

ரயில், டிராம் எல்லாம் சரி, ஆனால் குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய ஊர் என்று யாரும் சொல்லவில்லையே. கார் இல்லாத பயணத்தில் எனக்குப் பெரிய லாபமே அதுதான். ஸ்பெயினில் போன்டேவேத்ரா என்று ஒரு சிறு நகரம், 1999இலிருந்து ஊர் மையத்தைக் கார்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு நடப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள், பெற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள், "ஏய், ரோடு, ரோடு!" என்று யாரும் கத்துவதில்லை. ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவும் அதே ரகம். பழைய நகரம் முழுக்க நடைபாதை, நடக்க முடியாதவர்களுக்கு இலவசமாகச் சின்ன மின்சார வண்டி, கோட்டைக்கு மேலே போகக் கயிற்றில் இழுக்கும் ரயில். பெயர்பெற்ற பெரிய ஊர்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் இந்த மாதிரி சின்ன ஊர்களைப் பாருங்கள், எல்லாமே நடை தூரத்தில் இருக்கும், பாதி வழியில் அவள் சம்மணம் போட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

மழைக்குருவி

எல்லோருக்கும் நன்றி. குழந்தைகள் ரயிலின் படத்தைக் காட்டியதும் மகள் வீட்டில் சல்யூட் அடிக்க ஆரம்பித்துவிட்டாள், அதனால் ஊர் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். ஷீட்டில் கணவர் பாதியை அழித்துவிட்டார், மீதிப் பாதிக்குப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஒரே ஒரு பயம். மெட்ரோ கதவு மூடும்போது அவள் உள்ளே, நாங்கள் வெளியே என்று ஆகிவிட்டால்? இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பிளாட்ஃபாரம்

நியாயமான பயம்தான், ஆனால் ஒத்திகை பார்த்துவிட்டால் பாதி குறைந்துவிடும். வரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள்: ஏறும்போது ஒரு பெரியவர் முன்னால், குழந்தை நடுவில் கையைப் பிடித்தபடி, இன்னொருவர் பின்னால். இறங்கும்போதும் அதே. கதவு மூடப்போகும் எச்சரிக்கை மணி அடித்தால் ஓடிப்போய் ஏற வேண்டாம், அடுத்த வண்டி சில நிமிடத்தில் வந்துவிடும். அவசரத்தில் ஏறும்போதுதான் பிரிந்துபோகும் ஆபத்து அதிகம்.

குழந்தைக்கு இரண்டே விதி. அவள் பிளாட்ஃபாரத்தில் நின்றுவிட்டால், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அம்மாவோ அப்பாவோ திரும்பி வருவார்கள். அவள் வண்டிக்குள் மாட்டிக்கொண்டால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். நாலு வயதில் இரண்டாவது விதி பதற்றத்தில் மறந்துபோகலாம், அதனால் நீங்கள் உடனே அங்கே இருக்கும் ஊழியரிடமோ உதவிப் பொத்தானிலோ சொல்லிவிடுங்கள், அவர்கள் அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுப்பார்கள். ஒருவர் அங்கேயே நிற்க, மற்றவர் அடுத்த வண்டியில் போகலாம். வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் விளையாட்டாகவே இதை ஆடிப் பாருங்கள், சொல்லிக் கொடுப்பதைவிட அது நிற்கும்.

தினமும் காலையில் கிளம்பும்போது அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், "என்ன கலர் சட்டை" என்று யாராவது கேட்டால் பதற்றத்தில் வாய் வராது. மணிக்கட்டில் கட்டும் பட்டையில் உங்கள் போன் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள், அங்கே வேலை செய்யும் எண்ணாக இருக்கட்டும். பெயர் வெளியே தெரிய வேண்டாம், எண் மட்டும் போதும்.