மாலியின் பழைய கசெற்றுகள்: சுருதி அரைக் கட்டை ஏறிக் கேட்குது, என்ன செய்யலாம்?

கோண்டாவில்_குழல்:
வணக்கம். புல்லாங்குழல் மாலி (திருவிடைமருதூர் டி.ஆர். மகாலிங்கம்) கச்சேரிகள் ஏழு கசெற்றில இருக்கு. எல்லாம் பிரதிக்குப் பிரதி எடுத்தது. ஆண்டும் இடமும் எழுதேல்லை, இரண்டில மட்டும் பக்கவாத்தியக்காரரின்ர பெயர் இருக்கு. 5 கட்டைச் சுருதிக் குழலோட (ஸட்ஜம் 392 ஹேர்ட்ஸ்) சேர்த்து வாசிச்சுப் படிக்கத்தான் தேவை. ஆனா நாலு கசெற்றில ஸட்ஜம் 415 ஹேர்ட்ஸ் காட்டுது, அதாவது 5½ கட்டை. ரேப் வேகமா ஓடுதா, இல்லை அவர் அந்தக் குழலில்தான் வாசிச்சவரா? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? ஆண்டைக் கணிக்க வழி இருக்கா?

ரேப்_பெட்டி:
தம்பி, முதல்ல உங்கட டெக்கை (கசெற் ஓட்டுற பெட்டியை) சோதியுங்கோ. கடையில வித்த அச்சுக் கசெற் ஒண்டும், அதே பதிவின்ர சீடியும் எடுங்கோ. சீடியில சரியா 10 நிமிசம் வாற பகுதி கசெற்றில 9 நிமிசம் 26 விநாடியில முடிஞ்சால் டெக் 6 வீதம் வேகம். 6 வீதம் எண்டால் அரைக் கட்டை. பழுது அங்கேயே இருந்தால் மோட்டரில உள்ள சின்னத் துளைக்குள்ள திருகாணி இருக்கும், அதைத் திருப்பிச் சரிசெய்யலாம். நீண்ட கார்வையில (ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கிற இடத்தில) சுருதி ஆடினால் அது வேற பிழை: பெல்ற் தளர்ந்துபோச்சு, மாத்த வேணும்.

டெக் சரி எண்டால் பிழை பிரதி எடுத்த இடத்தில. அதுக்குப் பதிவில கலந்த மின்சார இரைச்சலைப் பாருங்கோ. இந்தியாவிலும் இங்க இலங்கையிலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்தான். வாசிக்கத் தொடங்க முன்னம், சுருதி சேர்க்க முன்னம் வாற வெறும் இரைச்சலை ஓடாசிற்றியில (Audacity, ஒலி திருத்துற மென்பொருள்) தெரிவுசெய்து ஸ்பெக்ட்ரத்தை 65536 அளவில எடுங்கோ. 50ஐ விட அதின்ர மூண்டு மடங்கான 150ஐப் பாருங்கோ, வித்தியாசம் மூண்டு மடங்காத் தெரியும். 150இல நிக்க வேண்டிய மேடு 159இல நிண்டால் பிரதி 6 வீதம் வேகம். உங்கட டெக்கின்ர சொந்த இரைச்சல் எப்பவும் சரியா 150இலயே நிக்கும், அதைக் கச்சேரியின்ர இரைச்சல் எண்டு எடுத்திடாதேங்கோ. கசெற் இல்லாமல் டெக்கை மட்டும் போட்டுப் பதிஞ்சால் எது எது எண்டு பிரிஞ்சிடும். மின் தட்டுப்பாட்டில இந்தியாவில 50 கொஞ்சம் இறங்கியும் ஓடும். அதால ஒண்டு இரண்டு வீதச் சந்தேகத்தை விட்டுவையுங்கோ.

திருத்தேக்கை வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாத்துற கட்டளையைப் பாவியுங்கோ. 415ஐ 392 ஆக்க −5.5 வீதம். சுருதியை மட்டும் மாத்துற கட்டளை கூடாது. ரேப் வேகமா ஓடினால் காலப்பிரமாணமும் (பாட்டின்ர வேகமும்) ஓடியிருக்கும். சுருதியை மட்டும் இறக்கினால் பிழையான காலப்பிரமாணம் அப்பிடியே நிக்கும். மாலியின்ர நிதானமான விளம்பத்தில அந்த இழப்பு பெரிசு.

நல்லூர்_வடக்குவீதி:
மேல சொன்னது சரி. குழல் பக்கத்தில இருந்து ஒண்டு: குழலின்ர சுருதி கட்டை அளவில அசையாமல் நிக்கிற பொருள் இல்லை. காத்துச் சூடேற ஒரு பாகைக்கு ஏறக்குறைய 3 சென்ற் ஏறும் (அரைக் கட்டை எண்டால் 100 சென்ற்). குளிர் அறைக்கும் சனம் நிறைஞ்ச மண்டபத்துக்கும் 10 பாகை வித்தியாசம் எண்டால் 30 சென்ற், அதாவது அரைக் கட்டையில மூண்டில ஒரு பங்கு. அதால 392 எண்ட இலக்கத்தில பதிவைக் கொண்டுபோய்க் குத்தாதேங்கோ. இரைச்சல் 4 வீதம் சொன்னால் 4 வீதமே திருத்துங்கோ. அறிவிப்பாளர் குரல் இருந்தால் அதையும் கேளுங்கோ. 6 வீதம் ஏறின குரல் இளசா, அவசரமாக் கேட்கும். இரைச்சலும் சரி, குரலும் சரி எண்டால் அது 5½ கட்டைக் குழல்தான். அப்ப கசெற்றைத் தொடாமல் நீங்கள் குழலை மாத்துங்கோ.

இன்னொண்டு. இரைச்சல் நீக்கிறன் எண்டு மூச்சுச் சத்தத்தை அழிச்சுப் போடாதேங்கோ. குழலின்ர நாதம் அடிச்சுரத்திலதான் கனமா இருக்கும். மேல கேட்கிறதில பெரும்பகுதி காத்து. துத்துகாரமும் (நாக்கால காத்தை வெட்டி வாசிக்கிறது), துளையைப் பாதி மூடி விரலை உருட்டுற கமகமும் அந்தக் காத்திலதான் தெளியும். மாலியின்ர பெருமையே குழலை வாய்ப்பாட்டு மாதிரிப் பேச வைச்சதில. படிக்கிறவருக்குத் தேவையான இடத்தை வடிகட்டியில விடலாமோ? கேட்க மங்கலா இருந்தால் முதல்ல ஹெட்டின்ர (ரேப்பை வாசிக்கிற தலையின்ர) சாய்வைப் பாருங்கோ. ஹெட்டுக்குப் பக்கத்தில உள்ள திருகாணியை மெல்லத் திருப்பி, மூச்சும் தம்புராவும் எங்க ஆகக் கூர்மையாக் கேட்குதோ அங்க நிப்பாட்டுங்கோ. ஒவ்வொரு கசெற்றுக்கும் இது மாறும்.

இணுவில்_ரசிகன்:
ஆண்டுக் கணக்குக்குப் பக்கவாத்தியம்தான் சாட்சி. மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளை எண்டால் 1962க்குப் பிந்தின பதிவா இருக்கவே ஏலாது, அந்த ஆண்டு அவர் காலமானார். வயலின் சௌடையா எண்டால் எல்லை 1967. பாலக்காடு மணி ஐயர் 1981. மாலி பிறந்தது 1926, மேடையேறினது 1933இல ஏழு வயசில, மறைஞ்சது 1986. இடையில கன காலம் மேடைக்கு வராமலும் இருந்தவர், அதால சும்மா ஒரு நடு ஆண்டை எழுதி ஒட்டாதேங்கோ. 78 சுற்று இசைத்தட்டிலிருந்து வந்தது எண்டால் துண்டு மூண்டு நிமிசத்துக்குக் கிட்ட முடிஞ்சிடும். ராகம் விரிஞ்சு அரை மணித்தியாலம் போனால் அது கச்சேரிப் பதிவு.

பெயரையும் ஒருக்காச் சரிபாருங்கோ. மாலி எண்டு எழுதின கசெற்றில அவரின்ர சீடர் என். ரமணி (1934–2015) இருக்கிறது அபூர்வமில்லை. வயலினோட வீணையும் கேட்டால் பெரும்பாலும் ரமணி, லால்குடி ஜெயராமன், ஆர். வெங்கட்ராமன் சேர்ந்த வேணு-வயலின்-வீணைக் கச்சேரியாத்தான் இருக்கும். கட்டை குறைஞ்ச நீளக் குழல் எண்டாலும் ரமணியையே முதல் நினையுங்கோ.

கோண்டாவில்_குழல்:
மிக்க நன்றி. இரண்டு கசெற்றில 150க்குப் பக்கத்தில 158இலயும் ஒரு மேடு தெரியுது. மற்ற இரண்டிலும் 150 மட்டும்தான். ஒண்டில ரேப்பில வெள்ளைப் பூஞ்சணம் இருக்கு.

ரேப்_பெட்டி:
முதல் இரண்டையும் 5 வீதம் இறக்குங்கோ. 150 மட்டும் தெரியிற மற்ற இரண்டுக்கும் உடன தீர்ப்புச் சொல்ல ஏலாது. அந்த மேடு உங்கட டெக்கின்ரயா எண்டு கசெற் இல்லாமல் பதிஞ்சு ஒப்பிடுங்கோ. கசெற்றோட அது பெரிசாகினால்தான் ரேப்பில உள்ளது. பூஞ்சணம் பிடிச்சதை இப்ப ஓட்டாதேங்கோ, ஹெட்டில ஒட்டி மற்ற ஆறுக்கும் பரவும். மாரி ஈரம் போக, சிலிக்கா ஜெல் போட்ட மூடின டப்பாவில இரண்டு கிழமை வையுங்கோ. பிறகு ஒருக்கா முழுக்கச் சுத்தி, ஐசோபுரோபைல் அற்ககோலால ஹெட்டைத் துடைச்சுத் துடைச்சு கணினியில 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில பதிஞ்சு எடுங்கோ. தாரஸ்தாயியில (மேல் ஸ்தாயியில) ஒலி உச்சம் −6 டெசிபெலைத் தாண்ட விடாதேங்கோ. திருத்தாத மூலக் கோப்பைத் தனியா வையுங்கோ.