பிரெஞ்சில் எஸ் ஒலியும் இசட் ஒலியும் ஒன்றாகவே கேட்கிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். டெல்ஃப் ஏ2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். வாசிப்பது, எழுதுவது பரவாயில்லை. ஆடியோ போட்டால்தான் தடுமாற்றம். இரட்டை எஸ் வந்தால் மீன், ஒற்றை எஸ் வந்தால் நஞ்சு. என் காதுக்கு இரண்டும் 'ப்வாஸோன்'தான். 'அவர்கள் இருக்கிறார்கள்', 'அவர்களிடம் இருக்கிறது' இரண்டுக்கும் 'இல்ஸோன்' என்றே கேட்கிறது. எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1:
இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் அது இசட். இரட்டை எஸ் எப்போதும் எஸ்தான். 'இல்ஸோன்' விஷயத்தில், 'இருக்கிறது' என்பதற்கான சொல் உயிரொலியில் தொடங்குவதால், முந்தைய சொல்லின் ஊமை எஸ் உயிர்பெற்று இசட் ஆகிறது.

தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். இசட்டுக்கு அதிரும், எஸ்ஸுக்கு அதிராது. இது வாய்க்கான பயிற்சி. காதுக்கு வேறொரு வழி இருக்கிறது: இந்த ஒலிகளில் முடியும் சொற்களிலிருந்து தொடங்குங்கள். 'மென்மையான' என்பது 'தூஸ்', எஸ். 'பன்னிரண்டு' என்பதும் 'தூஸ்'தான், ஆனால் இசட். சொல்லின் கடைசியில் இசட் வந்தால் அதற்கு முந்தைய உயிர் சற்று நீளும். குறில் நெடில் பார்த்துப் பழகிய நமக்கு அந்த நீட்டம் சீக்கிரமே பிடிபடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி! 'பன்னிரண்டு' நீள்வது நன்றாகவே கேட்கிறது. இன்னொன்று: நான் 'ஒரு ரொட்டி' என்று சொன்னால் 'ஒரு குளியல்' என்று கேட்கிறதாம். ரொட்டியை மட்டும் தனியாகச் சொன்னால் சரியாக வருகிறது.

பதில் 2:
இது நம் தமிழ்ப் பழக்கம். கம்பு, பந்து, சங்கு என்று சொல்லிப் பாருங்கள். மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தானாகவே அதிர்கிறது. 'ஒரு' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் மூக்கொலியில் முடிவதால் அடுத்த 'ப'வையும் அப்படியே அதிர வைக்கிறோம். பிரெஞ்சில் அந்த இடத்தில் 'ம்' கிடையாது, உயிரே மூக்கு வழியாக ஒலிக்கிறது. 'ப' தொடங்கும்வரை உதடுகள் ஒட்டக் கூடாது. முதலில் நடுவில் நிறுத்திச் சொல்லுங்கள், பிறகு இடைவெளியைக் குறையுங்கள்.

'பல்', 'பணம்' என்று தொடங்கும்போது வருகிற காற்றடிக்காத 'ப'தான் பிரெஞ்சுக்கும் வேண்டும். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'அத்தை'க்கான 'தாந்த்' என்ற சொல்லுக்கும் இதே கவனம் தேவை. கடைசி எழுத்து 'பந்து'வில் வரும் 'து' போல அதிரக் கூடாது, 'பத்து'வில் வருவது போல இருக்க வேண்டும். ஆங்கில 'ட' வேண்டாம், நாக்கு பல்லைத் தொடட்டும்.